கேன் தண்ணீர் குடித்த இறால்

எங்கள் வானூரில் விருந்தாளிக்கு போர் தண்ணீர் கொடுத்தால் அவமரியாதை. கேன் தண்ணீர்தான் கொடுக்க வேண்டும். சரி, இறாலுக்குமா? அங்கேதான் வந்தது வினை.

போன மாதம் திண்டிவனத்துக் கடையில் குட்டிச் சிவப்பு இறால்கள் வாங்கிவந்தேன். செடிகள் வளர்க்கும் கண்ணாடித் தொட்டி ஒன்று வீட்டில் இருக்கிறது. மனைவி செல்வி பார்த்ததும் சொன்னாள்: "வெளியூர்ல இருந்து வந்திருக்குதுங்க. போர் தண்ணிய ஊத்தினா நம்மள இன்னா நெனைக்கும்?"

நியாயம்தானே! எங்கள் போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. கெட்டிலுக்குள் சுண்ணாம்பு அடித்தது போலப் படியும். ஞாயிறுதோறும் அதைத் தேய்ப்பது என் வேலை. திட்டிக்கொண்டே தேய்ப்பேன். ஆகவே, தொட்டிக்கும் கேன் தண்ணீர்.

கொஞ்ச நாளில் ஒரு இறால் செத்துப்போனது — பழைய ஓட்டிலிருந்து பாதி வெளியே வந்து, மீதி வர முடியாமல். பிறகு இன்னொன்று. இருப்பதிலேயே பெரியவள் ராணி. செல்வி வைத்த பெயர். அவளும் சாப்பிடாமல் மூலையில் ஒதுங்கிவிட்டாள்.

"இதுவும் போய்டுமாங்க?"

தண்ணீரின் கடினத்தன்மையைப் பார்க்கும் டெஸ்ட் கிட் வாங்கி வந்தேன். எத்தனை சொட்டில் நிறம் மாறுகிறதோ, அத்தனை கடினம். கேன் தண்ணீர் முதல் சொட்டிலேயே மாறிவிட்டது! சுண்ணாம்புச் சத்தே இல்லாத தண்ணீரில் அந்த உயிர் எதை எடுத்துப் புது ஓடு கட்டும்? மரியாதை செய்தே கொன்றிருக்கிறோம்.

போர் தண்ணீரோ, சொட்டு விட்டுக்கொண்டே இருந்தும் மாறுவேனா என்றது. தண்ணீரைச் சட்டென்று மாற்றினாலும் இறாலுக்கு ஆகாது. போர் தண்ணீரைத் தினமும் ஒரு டம்ளராக ஊற்றினோம்.

ஒரு காலையில் செல்வி அலறினாள். "ஐயோ, ராணி போச்சுங்க!"

ஓடினேன். அடியில் அசையாமல் கிடந்தாள். உற்றுப் பார்த்தால்... உள்ளே ஒன்றுமில்லை. வெறும் ஓடு! மீசை, கால், கண்ணின் மேல்தோல்வரை முழுசாக. ஓட்டின் சொந்தக்காரியோ செடிக்குப் பின்னால் பளபளவென்று நிற்கிறாள். சற்று நேரத்தில் வந்து, தன் பழைய ஓட்டையே கொறிக்க ஆரம்பித்தாள்.

"தன் சட்டையத் தானே தின்னுக்கினு இருக்குது பாருங்க!"

இந்தப் பக்கமெல்லாம் ஒரு காலத்தில் கடலடியில் இருந்த பூமி. தோண்டினால் கல்லுக்குள் சிப்பி கிடைக்கும். அது கரைந்து கரைந்துதான் எங்கள் தண்ணீரில் சுண்ணாம்பு. மனிதனே பிறக்காத காலத்தில் செத்த ஒரு சிப்பியை, ராணி இன்று உடுத்திக்கொண்டு நடக்கிறாள். நினைத்தாலே சிலிர்க்கிறது.

இந்த ஞாயிறும் கெட்டில் தேய்த்தேன். திட்டவில்லை.