ராகலையில் கேஸ் இல்லாத முதல் நாள்

மலைநாட்டைச் சுற்றிப் பார்க்க வந்து நானுஓயாவில் ரயிலை விட்டு இறங்கியபோது மதியம் பன்னிரண்டே முக்கால். வேனில் நுவரெலியா, அங்கிருந்து கந்தப்பளை வழியாக ராகலை பஸ். ஒரு பக்கம் லீக்ஸ் பாத்திகள், மறுபக்கம் தேயிலை, விடாத மழை.

மூன்றரை மணிக்கு, பஜாரில் ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடைக்குள் ஒதுங்கினேன்.

"வாங்க தங்கச்சி, இன்னைக்குத்தான் மறுபடி தெறந்திருக்கோம்" என்றார் கடைக்காரர் நௌஷாத். அவர் மனைவி ரிஸ்வானா மாவு பிசைந்துகொண்டிருந்தார். ஏழு மாதங்களுக்கு முன் கேஸ் குழாயில் தீப்பிடித்து அவருடைய இடது கை வெந்துபோனதாம். கை ஆறிவிட்டது. ஆனால் அடுப்புப் பற்றவைக்கும் சத்தம் கேட்டாலே நடுங்கினாராம். அதனால் கடையைப் பூட்டிவிட்டார்கள். இப்போது கரண்டில் சூடாகும் பெரிய ரொட்டிக்கல் ஒன்று வாங்கிப் போட்டிருந்தார்கள். ரொட்டி ஒன்று எண்பது ரூபாய்.

நாலரைக்கு, தேயிலைக் கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு ஏழெட்டுத் தோட்டப் பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். முதல் நாலு ரொட்டி கல்லில் விழுந்ததும் கரண்ட் போய்விட்டது.

நௌஷாத் தயங்கித் தயங்கிக் கேட்டார். "பின்னாடி பழைய சிலிண்டர் இருக்கு. இன்னைக்கு மட்டும் பத்த வைப்போமா?"

"பத்த வச்சா நான் வீட்டுக்குப் போயிருவேன்." ரிஸ்வானாவின் குரல் உயரவில்லை. மாவை இன்னும் அழுத்திப் பிசைந்தார்.

செல்வமணி என்ற பெண் மழைக்கு நனையாமல் இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்து வைத்தார். "ரிஸ்வானா ராத்தா, மழை விட்டாத்தான் நாங்க லயத்து வீட்டுக்குப் போவோம். அவசரமில்ல."

மழை சீக்கிரமே விட்டது. கரண்ட் வரவில்லை. ஒருவரும் எழவில்லை. கொழும்புப் பக்கம் எங்கள் வத்தளையாக இருந்தால் ஐந்து நிமிடத்தில் அடுத்த கடைக்குப் போயிருப்போம்.

ஐந்தேகாலுக்குப் பல்பு எரிந்தது. பெண்கள் ஓவென்று கத்தினார்கள். ரொட்டியின் ஓரம் மொறுமொறுவென்றிருந்தது. தொட்டுக்கொள்ள வைத்த கட்டசம்பல் நாக்கில் சுரீரென்றது.

"நடுவுல கொஞ்சம் வெளுப்பா இருக்கு ராத்தா" என்றார் செல்வமணி, மூன்றாவதைப் பிய்த்தபடி.

"நாளைக்கு வாங்க, நல்லாச் செவக்கச் சுட்டுத் தாரேன்."

ஆறு மணிக்கு நௌஷாத் அந்தச் சிலிண்டரை ஆட்டோவில் ஏற்றினார். ஏஜென்ட் கடையில் திருப்பிக் கொடுக்கப் போகிறாராம். பஸ் நிலையம்வரை என்னையும் ஏற்றிக்கொண்டார்.

"அவ பாடினது கேட்டுச்சா?"

"இல்லையே, நௌஷாத் நானா."

"வாய்க்குள்ளதான் பாடுவா. ரொட்டி சுடுறப்ப எப்பவும் பாடுவா. ஏழு மாசமாக் காணோம், இன்னைக்குத்தான் மறுபடி" என்றவர், கண்ணைத் துடைத்துக்கொள்ளாமலே ஓட்டினார்.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ராகலையில் நான் பார்த்தது அந்த ஒரு கடை மட்டும்தான். போதும் என்றிருந்தது.