ஒன்றரை அடி தள்ளிய லிஃப்ட் சுவர்

குற்றாலம் போகிற ரோட்டில் ஒன்பது மாடி ஹோட்டல். அறைகளை ஃபேக்டரியிலேயே பெட்டி பெட்டியாகச் செய்து, லாரியில் கொண்டுவந்து, நடுவில் நிற்கும் லிஃப்ட் சுவரோடு சேர்த்து அடுக்க வேண்டும். நான் சைட் இன்ஜினியர். முதலாளி இலத்தூர்க்காரர். இருபது வருஷம் சவூதியில் பாடுபட்டுச் சேர்த்ததையெல்லாம் இதில் போட்டிருந்தார். சாரல் சீசனுக்குள் திறந்துவிட வேண்டும் என்பதிலேதான் அவர் உயிர் இருந்தது.

முதல் நாளே தலைதலையாய் அடித்துக்கொண்டேன். சுவர் கட்டுகிற தென்காசி கான்ட்ராக்டரையும் ஃபேக்டரிக்காரரையும் ஒரே மேசையில் உட்கார வைத்து, ஒரே டிராயிங்கில் வேலை பார்ப்போம். முடியாதென்றால் மொத்தத்தையும் ஃபேக்டரியிடமே விட்டுவிடுவோம் என்றேன்.

"ரெண்டு பேரும் ஒண்ணு கூடுனா நம்மள மொட்டையடிச்சிருவானுவ தம்பி. அவன்ட்டயும் நான் பேசுதேன், இவன்ட்டயும் நான் பேசுதேன். நடுவுல நீங்க வாயத் தொறக்கப்பிடாது" என்றார் முதலாளி.

எங்கள் பக்கம் வீடு கட்டுகிறவர்கள் எல்லாருமே இப்படித்தான். கொத்தனாரும் ஆசாரியும் சேர்ந்து டீ குடித்தாலே சந்தேகம். வீட்டுக்கு அது சரி, ஆசாரி வந்து அளந்து பார்த்துக் கதவு செய்வார். எங்கேயோ ஃபேக்டரியில் செய்கிற அறையை இங்கே வந்தா அளப்பார்கள்? எவ்வளவு சொல்லியும் செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

அஸ்திவாரம் தோண்டும்போது ஒரு வாஸ்துக்காரர் வந்து, லிஃப்ட் சுவரை ஒன்றரை அடி தெற்கே தள்ளச் சொன்னார். கான்ட்ராக்டரும் தள்ளிவிட்டார்.

"ஃபேக்டரிக்குச் சொல்லணும் அண்ணாச்சி" என்றேன் முதலாளியிடம்.

"நான் சொல்லிக்கிடுதேன். நீங்க ஒங்க சோலியப் பாருங்க."

மகள் கல்யாண அலைச்சலில் மனிதர் மறந்தே போனார்.

மே கடைசியில் முதல் பெட்டியை கிரேன் தூக்கியது. சுவரில் பதித்த இரும்புத் தட்டு ஓரிடம், பெட்டியின் தட்டு ஒன்றரை அடி தள்ளி. அத்தனை அறைகளும் செய்து முடித்தாயிற்று. வெட்டி மாற்ற நாலு மாதம் ஆகும் என்றார் ஃபேக்டரிக்காரர். சீசன் போயிற்று. முதலாளி எம்-சாண்ட் குவியல்மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "தள்ளுன அன்னைக்கே சொன்னேன், யாரு கேட்டா?" என்று பொரிந்து தள்ளினேன்.

ஃபேக்டரிக்காரர் என் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு அன்னைக்கே தெரியுமா சார்? தினமும் காலையில எனக்கு வாட்ஸப்புல குட்மார்னிங் அனுப்புறீங்களே. அதுல ஒரு வரி போட்டிருக்கலாமே."

முதலாளிதான் பேசக் கூடாது என்றார் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கிரேனில் தொங்கிய பெட்டியின் பக்கம் திரும்பிக்கொண்டேன்.