ஐந்தாம் பாகத்தின் கடைசிப் பக்கம்

காமிக்ஸ் விஷயத்தில் எட்டு வயதிலேயே எனக்குத் தீர்மானமான அபிப்பிராயங்கள் உண்டு. அந்த ஆறு பாக சூப்பர் ஹீரோயின் கதையில் முதல் மூன்று பாகம் சுத்த மட்டம், நாலாவதில் சூடு பிடித்தது, ஐந்தாவதை அடித்துக்கொள்ள ஆளில்லை. இதை நாமக்கல்லில் எங்கள் தெருப் பிள்ளைகள் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறேன். யாரும் மறுத்ததில்லை, ஏனென்றால் வேறு யாரும் அதைப் படித்ததில்லை.

உண்மையில் நானும் படித்ததில்லை. புத்தகம் இங்கிலீஷ். லாரி ஓட்டும் மாமா பெங்களூரு லோடு போகும்போதெல்லாம் ஒரு பாகம் வாங்கி வருவார்; அம்மாவின் தங்கையான சித்தி அதைத் தமிழில் எனக்குப் படித்துக் காட்டுவாள். ஆடிக்கு எங்கள் வீட்டுக்கு வந்தவள், தீபாவளி நெருங்கியும் புருஷன் வீட்டுக்குத் திரும்பவில்லை. அதைப் பற்றிப் பெரியவர்கள் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு பேசுவார்கள்.

முதல் மூன்று பாகங்களில் நாயகி பறப்பாள், வில்லனைக் குத்துவாள், மறுபடி பறப்பாள். எங்கள் ஊர் மரியாதைப்படி சித்தி எல்லோருக்கும் 'ங்க' போட்டுவிடுவாள். "ஏனுங்க, அந்தக் குண்டைக் கீழ வெச்சுருங்க" என்று நாயகி வில்லனிடம் சொல்லும்போது எனக்கே அவமானமாக இருக்கும்.

நாலாம் பாகத்தில்தான் வில்லன் உருப்பட்டான். படத்தில் கட்டடத்தைப் பெயர்த்துக்கொண்டிருப்பான். சித்தி படித்தால், குழம்பில் உப்பு இல்லையென்று தட்டை வீசுவான். நாயகியின் செல்போனைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டுவான். அத்தனை பலசாலி ஏன் திருப்பி அடிக்கவில்லை என்று கேட்டேன்.

"அடிக்கத் தெரியும் சாமி. பேசத்தான் வரலை" என்றாள்.

ஐந்தாம் பாகத்தில் நாயகிக்குப் பேச்சு வந்தது. கடைசிப் பக்கத்தில் வில்லன் வீட்டுக்குக் கூப்பிடுகிறான்; அவள் 'ங்க'வை விட்டுவிட்டு, "நான் வரமாட்டேன். நீ கெளம்பு" என்கிறாள். அந்தப் பக்கத்தை மட்டும் சித்தி நான் கேட்காமலேயே தினமும் படித்துக் காட்டினாள். படிக்கப் படிக்க அவள் குரல் உறுதிப்பட்டது.

தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, சித்தியின் புருஷனான சித்தப்பா அவர் பக்கத்துப் பெரியவர்கள் இருவரோடு அவளை அழைத்துப்போக வந்தார். காபி குடித்தார்கள். நடந்தது நடந்துபோச்சு என்றார்கள். மாமாவே அவளுடைய பையைக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டார். சித்தி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "நான் வரலீங்க..." என்று ஆரம்பித்து, மேலே ஒன்றும் வராமல் நின்றுபோனாள்.

பாவம், வசனம் மறந்துவிட்டது என்று எனக்குப் பட்டது.

"அப்படி இல்ல சித்தி, 'ங்க' வராது" என்று எடுத்துக்கொடுத்தேன்.

சித்தி என்னைப் பார்த்தாள். பிறகு சித்தப்பாவைப் பார்த்து, "நான் வரமாட்டேன். நீ கெளம்பு" என்றாள்.

கட்டிய புருஷனை 'நீ' என்றதை அந்தப் பெரியவர்களால் விழுங்க முடியவில்லை. சித்தப்பாவை இழுத்துக்கொண்டு வெளியேறினார்கள். மாமா பையை மறுபடி உள்ளே கொண்டுபோய் வைத்தார். எனக்கோ பெருமை தாங்கவில்லை. ஓர் எழுத்துத் தப்பாமல் சொல்லிவிட்டாளே.

பிற்பாடு இங்கிலீஷ் கைவந்ததும் நானே எடுத்துப் படித்தேன். ஐந்து பாகமும் ஒரே லட்சணம். பறக்கிறாள், குத்துகிறாள், பறக்கிறாள். ஆனாலும் என் அபிப்பிராயத்தை நான் மாற்றிக்கொள்ளவில்லை.

அன்றைக்கு அவர்கள் போனபின், ஆறாம் பாகத்தில் அவளுக்கு என்ன ஆகும் என்று சித்தியிடம் கேட்டேன்.

"தெரியலை சாமி. இனிமேத்தான் வரோணும்" என்றாள்.

மாமா அடுத்த லோடு போனால் வாங்கி வந்துவிடப் போகிறார், இதற்குப் போய் ஏன் அழுகிறாள் என்று எனக்குப் புரியவில்லை.