என் அக்கா நடிக்கவில்லை!

திருக்கடையூரில் உறவினர் ஒருவருக்கு அறுபதாம் கல்யாணம். தம்பதி தலையில் கலசத் தண்ணீர் ஊற்ற என் அக்கா வசந்தாவின் முறை வந்தது. இடது கையில் சொம்பை எடுத்தாள்.

"வலது கையால ஊத்தும்மா, நல்ல காரியம்!" என்று யாரோ அதட்டினார்கள். கை மாற்றினாள். வலது கை மார்புக்கு மேல் எழவே இல்லை. சொம்பு நழுவி விழுந்தது. நாலு பேர் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தனியே அழைத்துக் கேட்டேன்.

"நடவு சமயத்துல வரப்புல வழுக்கி விழுந்து கையை ஊனுனேன்டி. அப்போலேருந்து தலை பின்ன முடியல. அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடியல."

நடவு சமயமா? இப்போது அறுவடையே முடிந்துவிட்டதே!

நீடாமங்கலம் பக்கம் அக்கா வீடு. முதலில் சுளுக்கு எடுப்பவர் வந்து கையை இழுத்திருக்கிறார். வலி கூடியதுதான் மிச்சம். பிறகு ஒரு டாக்டர். எக்ஸ்ரேயைத் தூக்கிப் பார்த்துவிட்டு, அக்காவிடம் இல்லை — அத்தானிடம் — சொன்னாராம்: "எலும்புக்கு ஒண்ணும் இல்ல சார். இந்த வயசுல லேடீஸுக்கு இப்படித்தான் இருக்கும்." ஒரு ஊசி. மாத்திரை. வலி விடவில்லை என்று மறுபடி போனால், மறுபடி அதே ஊசி.

வலிப்பவள் எதிரில் உட்கார்ந்திருக்கிறாள். 'கையைத் தூக்கும்மா, பார்க்கலாம்' என்று ஒரு வார்த்தை... அதற்குக்கூடவா நேரமில்லை?

எலும்புக்கு ஒன்றுமில்லை என்றதும் வீட்டில் அது நடிப்பு என்று ஆகிவிட்டது. மாவாட்டச் சொன்னால் மட்டும் வலி வருகிறதாம்!

மறுநாளே தஞ்சாவூருக்கு அழைத்துப் போனேன். அத்தானும் கூட வந்தார். எலும்பு மருத்துவர் ஒரு பெண். அக்காவின் கையைத் தாமே பக்கவாட்டில் தோள் உயரத்துக்குத் தூக்கிப் பிடித்தார்.

"நான் விடுறேன். நீங்க மெதுவா இறக்குங்கம்மா."

விட்டார். கை பொத்தென்று விழுந்தது. அவர் முகம் மாறியது.

எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் தெரிந்துவிட்டது — கையைத் தூக்க உதவும் தசைநார் எலும்பை விட்டுக் கிழிந்து விலகியிருந்தது. சாதாரண எக்ஸ்ரேயில் அது தெரியாதாம்.

"தைச்சுடலாம். ஆனா தாமதமானதால தசை சுருங்க ஆரம்பிச்சிருக்கு. பழைய பலம் முழுசா வரும்னு சொல்ல முடியாது. முன்னாடியே வந்திருக்கலாமே?" என்றார் டாக்டர்.

வந்தாளே டாக்டர்... வேறு வாசலுக்கு!

ஆபரேஷன் என்றதும் அக்கா பயப்படுவாள் என்று நினைத்தேன். அவளோ டாக்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப நான் நடிக்கலதானே டாக்டர்?"

கேட்டுவிட்டு உடைந்து அழுதாள். அத்தான் தலை குனிந்துகொண்டார். அத்தனை மாதமும் அவள் சுமந்தது தோள் வலியை மட்டுமல்ல.

சின்னத் துளைகள் போட்டுத் தைத்துவிட்டார்கள். இப்போது கை கழுத்தில் மாட்டிய தூளியில் தொங்குகிறது. பிசியோதெரபி நடக்கிறது, அதற்கு மாதங்கள் ஆகும். "ராத்திரி தூக்கம் வருதுடி" என்கிறாள். எனக்கு அதுவே போதும்.

ஆனால், பார்க்க வருகிறவர்கள் பழக்கூடையை வைத்ததும் கேட்கும் முதல் கேள்வி என்ன தெரியுமா?

"பாவம், அவருக்குச் சாப்பாடு யாரு போடுறா?"

அவருக்கு இரண்டு கையும் நன்றாகத்தான் இருக்கிறது!