வேலனிடம் கயிறு இருந்ததா?

இருபது முகங்கள் கொண்ட அந்தக் காய் சீமெந்துத் தரையில் உருளும் சத்தம் கண்ணாடிப் போளை உருளும் சத்தத்தைப் போன்றதல்ல. கடகடவென்று தொடங்கி, மெல்லத் தயங்கி, நின்றுவிட்டது என்று நினைத்த பிறகும் இன்னொரு முகத்துக்குச் சரிந்து விழுகிற சத்தம். அந்தக் கடைசிச் சரிவுக்காக எங்கள் வீட்டு விறாந்தையில் மூன்று பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு குப்புறக் கிடந்திருக்கிறோம்.

காயையும் ஒரு தடித்த ஆங்கிலப் புத்தகத்தையும் கனடாவிலிருந்து வந்த என் பெரியம்மாவின் மகன், பெட்டி நிறை கூடிவிட்டதென்று விட்டுவிட்டுப் போயிருந்தார். எனக்கு அப்போது பதின்மூன்று வயது. அகராதியோடு ஒரு மாதம் மல்லுக்கட்டியதில் விளங்கியது இவ்வளவுதான்: இந்த விளையாட்டில் பலகை இல்லை, வென்றவர் தோற்றவர் என்றும் இல்லை, ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு பாத்திரமாக இருந்து 'நான் இதைச் செய்கிறேன்' என்று சொல்ல வேண்டும், அது முடிந்ததா இல்லையா என்பதைக் காய் தீர்மானிக்கும். இருபது முகம் என்பதால் நாங்கள் அதற்கு "இருபதான்" என்று பெயர் வைத்தோம். அம்மா அந்த விளையாட்டு முழுவதற்கும் "பேய்க்கதை" என்று பெயர் வைத்தார்.

புத்தகத்தை வாசிக்கக்கூடியவள் நான் என்பதால் கதை நடத்துகிறவளும் நானே. விளையாட வந்தவர்கள் என் வகுப்புத் தோழர்கள் இருவர். நஸ்ரினின் குடும்பம் மூதூரிலிருந்து வந்து எங்கள் பின்வீட்டில் இருந்தது. மதி சல்லி என்ற கடலோர ஊரைச் சேர்ந்தவன். தகப்பனார் கடற்றொழில் செய்தார், பள்ளிக்கூட நாட்களில் மட்டும் அவன் எங்கள் ஒழுங்கையில் மாமி வீட்டில் தங்குவான். புத்தகத்தில் இருந்த வாள்வீரர்களையும் மந்திரவாதிகளையும் ஒதுக்கிவிட்டு, வேலன் என்ற தோணிக்காரனைத் தன் பாத்திரமாக அவன் உண்டாக்கியிருந்தான். இரண்டு மாதமாக வேலனோடுதான் அவன் வாழ்ந்தான் என்று சொன்னாலும் பிழையில்லை. கணக்குக் கொப்பியின் பின்பக்கமெல்லாம் வேலனின் படம்.

என் அப்பா துறைமுகத்தில் எழுதுவினைஞர். யார் எதைக் கேட்டு வந்தாலும், "எழுத்தில இருக்கோ? எழுத்தில இல்லாதது இல்லாததுதான்" என்பார். நானும் அவருடைய மகள்தானே. ஒவ்வொரு பாத்திரத்தின் உடைமைகளையும் ஒரு தாளில் எழுதிவைக்க வேண்டும் என்றது புத்தகம். தாளில் உள்ளது மட்டுமே கையில் உள்ளது என்று நான் சட்டம் வைத்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் கதை ஒரு மலையுச்சிக்கு வந்து சேர்ந்தது. கீழே கடற்குகை, அதற்குள் இறங்க வேண்டும்.

"நான் கயிறைக் கட்டி இறங்கிறன்" என்றான் மதி.

நான் தாளைப் பார்த்தேன். "கயிறு எழுதேல்லையே."

"கடலுக்குப் போறவனிட்டக் கயிறு இல்லாமல் இருக்குமோ? சட்டை போட்டிருக்கிறான் எண்டும்தான் எழுதேல்லை. அப்ப அம்மணமாவோ நிக்கிறான்?"

நஸ்ரின் விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தச் சிரிப்புத்தான் என்னைக் கல்லாக்கியது. "எழுத்தில இல்லை. வெறுங்கையால இறங்கு. பதினைஞ்சுக்கு மேல விழவேணும்."

இருபதான் உருண்டு மூன்றில் நின்றது. அவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தால் என்ன ஆகும் என்று புத்தகத்தில் பார்த்து, கூட்டிக் கழித்து, வேலன் செத்துப்போனான் என்றேன். மதி வேலனின் தாளை நான்காக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்து போனான். திங்கட்கிழமை வகுப்பில் இடம் மாறி இருந்தான்.

சட்டப்படி நான் செய்தது சரி. பிறகு ஏன் அவன் விட்டுப்போன இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்? அதற்குப் பரிகாரம் போல, மீதியிருந்த நஸ்ரினுக்கு எல்லாவற்றையும் அள்ளிக் கொடுத்தேன். ஏணி இருக்கா என்றாள், ஓம். குதிரை? ஓம். குதிரைக்குச் சிறகு? அதற்கும் ஓம். மூன்றாம் நாள் அவள் காயைத் தள்ளி வைத்தாள்.

"என்ன புள்ள, எல்லாத்துக்கும் ஓமெண்டா நான் என்னத்துக்கு இத உருட்டுற?"

அன்றுதான் உடைமைகளை எழுதிவைக்கும்படி புத்தகம் ஏன் சொன்னது என்று முதன்முதலாக யோசித்தேன். ஆபத்து வந்ததும் ஒருவர் பைக்குள்ளிருந்து யானையை எடுத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இருக்க வேண்டும். அப்படியானால் தோணிக்காரனின் கயிறு யானையா? இல்லை என்றே தோன்றியது. ஆனால் நஸ்ரின் விடவில்லை. "இண்டைக்குக் கயிறக் குடுத்தா நாளைக்கு வலையும் கேப்பானே, என்ன செய்வாய்?" எங்கே கோடு போடுவது?

மன்னிப்புக் கேட்கப் போனேன் என்று சொல்ல ஆசைதான். உண்மையில் அந்தக் கேள்வி தாங்காமல்தான் மதியின் மாமி வீட்டுக்குப் போனேன். அவன் படலையைத் திறக்காமல் உள்ளே நின்றான்.

"நீ வலையும் கேட்டிருப்பியோ?" என்றேன்.

கோபத்தை மறந்து யோசிக்கத் தொடங்கினான். எனக்கு அது போதுமாயிருந்தது.

"வலையை ஒருத்தன் தனியத் தூக்கிக்கொண்டு மலை ஏற ஏலாது. கயிறு இடுப்பில சுத்தியிருக்கும். கத்தியும் இருக்கும். வேற ஒண்டும் இராது."

"அப்ப கயிறு இருந்தது எண்டு வைப்பம். வேலன் விழேல்லை."

மதி தலையாட்டினான். "இல்லை. உருட்டினது உருட்டினதுதான். விழுந்தவனை ஏத்தினா, இனி நான் எதுக்கும் பயப்பிடமாட்டன்."

நான் திகைத்துப்போனேன். அநியாயம் நடந்தது அவனுக்கு. அதை அழிக்க வேண்டாம் என்பவனும் அவன்தான். பிறகு படலையைத் திறந்து வெளியே வந்தான். வேலனுக்கு ஒரு தங்கச்சி இருக்கிறாள், அண்ணனின் உடலைத் தேடி அந்த மலைக்கு வருகிறாள் என்றான். விறாந்தைக்கு வந்ததும் புதுத் தாளில் முதல் வரியாகக் 'கயிறு' என்று எழுதி என் முன்னால் நீட்டினான். அதற்குப் பிறகு எங்களுக்குள் ஒரு வழக்கம் வந்தது: எழுத்தில் இல்லாத ஒன்றை யாராவது கேட்டால், காய் உருளுவதற்கு முன்னமே மூவரும் வழக்காடி முடிப்போம், உருண்ட பிறகு ஒருவரும் வாய் திறப்பதில்லை. சில நாட்களில் வழக்கு மட்டும்தான் நடக்கும், கதை ஓரடி நகராது. அந்த நாட்களும் நன்றாகத்தான் இருந்தன.

அடுத்த ஆண்டு மதி சல்லியிலிருந்தே பள்ளிக்கூடம் போய்வரத் தொடங்கினான். கதை பாதியில் நின்றது. இன்று அவன் ஏதோ ஒரு நாட்டின் சரக்குக் கப்பலில் இருக்கிறான். நஸ்ரின் மூதூரில் கணக்குப் படிப்பிக்கிறாள். புத்தகத்தைக் கறையான் தின்றுவிட்டது.

போன வாரம் என் மகள் கைபேசியில் ஏதோ விளையாடிக்கொண்டிருந்தாள். திரையில் ஒரு வீரன், முழங்கால் உயரச் சுவருக்கு முன்னால் நின்று திரும்பத் திரும்ப முட்டிக்கொண்டிருந்தான்.

"ஏறிக் கடக்கலாமே, பிள்ளை?"

"ஏலாது அம்மா. கேம் விடாது."

"ஏன் விடாதாம்? ஆரிட்டயாவது கேட்டுப் பாரன்."

அவள் கைபேசியிலிருந்து கண்ணை எடுத்து, நான் சொன்னது விளங்காதவளாக என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஆரிட்டக் கேக்கிறது?" என்றாள்.