படுகளத்தில் நான் போட்ட சிமெண்ட்

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஆறேழு வருஷமாக யோசித்துவிட்டேன். நோட்டை எடுப்பேன், இரண்டு வரி எழுதுவேன், மூடி வைத்துவிடுவேன். சாமி காரியத்தில் செய்த தப்பை ஊரறியச் சொல்ல மனசு வரவில்லை. ஒன்பதாவது வரைதான் படித்தேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

திண்டிவனத்துக்குத் தெற்கே எங்கள் ஊர். திரௌபதி அம்மன் கோயிலில் வருஷா வருஷம் பாரதம் படித்து, கூத்து ஆடி, கடைசி நாள் காலையில் படுகளம், சாயங்காலம் தீமிதி. படுகளத்துக்குக் கோயில் எதிரே துரியோதனனை மல்லாக்கப் படுத்த மாதிரி மண்ணால் செய்ய வேண்டும். ஒரு வீட்டு நீளம் இருப்பான். அதைச் செய்வது எங்கள் வகையறா. ஏரி மண்ணில் வைக்கோல் போட்டு மிதித்து, காலடியால் அளந்து அளந்து கட்டுவோம். தொடைக்குள் மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த தண்ணீரைப் பானையில் வைத்து மூடுவோம். வீமன் வேஷக்காரர் கதாயுதத்தால் அடித்ததும் பானை உடைந்து ரத்தம் மாதிரி வழியும். சபதம் தீர்ந்து அம்மன் கூந்தலை அள்ளி முடிந்ததும் பெண்கள் இறங்கி, அந்த உடம்பிலிருந்து ஆளுக்கொரு பிடி மண் எடுத்துப் போவார்கள். நெல் குதிரில் போடுவார்கள், விதைக்கு எடுத்த மல்லாட்டையோடு, அதான் வேர்க்கடலையோடு, வைப்பார்கள். மத்தியானத்துக்குள் துரியோதனன் பாதிகூட இருக்கமாட்டான்.

அந்த வருஷம் ஊர்க் கூட்டத்தில் நான் ஒரு யோசனை சொன்னேன். மகன் சென்னையில் வேலையில் இருக்கிறான், எனக்குப் பிறகு அளவு தெரிந்து செய்ய ஆளில்லை, சிமெண்டில் செய்துவிட்டால் என்றைக்கும் அழியாது என்றேன். பழசைக் காப்பாற்றுகிறான் என்று எல்லோரும் மெச்சினார்கள். நான் சொன்னதில் பாதிதான் உண்மை. மூன்று நாள் மண் மிதித்துக் குந்தி எழுந்திருக்க என் முட்டி தாங்கவில்லை. அதை வெளியே சொல்லவில்லை.

கொத்தனாரை வைத்து முடித்தோம். தொடையில் பானைக்குக் குழி விட்டு, மேலே காகிதம் ஒட்டினோம். மீசை, கிரீடம் எல்லாம் மண்ணில் வராத அழகாக வந்தது. கூட்டத்தில் இருந்தது அத்தனை பேரும் ஆண்கள். மண் எடுப்பது பெண்கள். அந்த நினைப்பே எங்களில் ஒருத்தருக்கும் வரவில்லை. குதிரில் மண் போடுகிற என் மனைவியிடமும் நான் கேட்கவில்லை.

படுகளம் அன்று கோலியனூரில் வாழ்க்கைப்பட்ட என் அக்கா முதல் பஸ்ஸில் வந்துவிட்டது. அதன் மகள் நிறைமாசம். இரண்டு முறை கரு தங்காமல் போனவள். படுகளத்து மண்ணை மஞ்சள் துணியில் முடிந்து பிள்ளைத்தாய்ச்சி தலைமாட்டில் வைப்பது எங்கள் குடும்ப வழக்கம். அதற்காகவே வந்தது.

வீமன் அடித்தார். பானை உடைந்தது. கதாயுதம் சிமெண்டில் பட்டு அதன் குண்டு தனியாகக் கழன்று ஓடியது, சனம் சிரித்தது. பிறகு பெண்கள் இறங்கினார்கள். இறங்கியவர்கள் அப்படியே நின்றார்கள். ஒருத்தி நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். அக்கா துணியை விரித்துப் பிடித்தபடி என்னைத் தேடிக்கொண்டு வந்தது.

“ஏண்டா தம்பி, நான் இன்னாத்தடா எடுத்துக்கினு போறது?”

வண்டியை எடுத்துக்கொண்டு ஏரிக்கு ஓடி ஒரு மூட்டை மண் கொண்டுவந்து தொடைமேல் கொட்டி, எடுத்துக்கோக்கா என்றேன்.

“அடி வாங்காத மண்ணு, ஏரி மண்ணுதாண்டா. அத நானே வழியில எறங்கி அள்ளிக்க மாட்டனா?”

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. துணியை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, தீமிதி பார்க்காமல் பஸ் ஏறிவிட்டது. என் மனைவி அந்த ஏரி மண்ணில் ஒரு பிடிகூடக் குதிருக்கு எடுக்கவில்லை.

மறுநாள் காலையில் நானே கடப்பாரை எடுத்துப் போய் உடைத்தேன். தலையில் ஆரம்பித்து இடுப்பு வருவதற்குள் இரண்டு கை கொப்புளம். ஏன் என்று கேட்டவர்களிடம் முட்டி விஷயத்தையும் சொல்லிவிட்டேன். “நோவுன்னா நோவுன்னு சொல்றதுக்கு இன்னாய்யா?” என்று பூசாரி கேட்டார். மிச்சத்தை உடைக்க நாலு பேர் வந்தார்கள்.

அக்கா மகளுக்குச் சுகப்பிரசவம்தான், பெண் குழந்தை. மண் இல்லாமலேதான் பிறந்தது. அதையும் எழுதவேண்டும் என்று எழுதுகிறேன். பிள்ளை பிறக்கும்வரை அக்கா தூங்காமல் கிடந்ததற்கு நான்தான் காரணம், அதுவும் உண்மை. அடுத்த வருஷத்திலிருந்து மறுபடி மண்தான். நான் பலகையில் உட்கார்ந்து அளவு சொல்கிறேன், மிதிப்பது வேறு ஆட்கள். மண் எடுக்க வருகிற பெண்களும் வைக்கோல் போட்டுத் தருகிறார்கள்.

இப்போது சுற்றுவட்டாரத்தில் கதை வேறு மாதிரி நடக்கிறது. வீமன் அடித்த அடியில் சிமெண்ட் தானாகப் பிளந்தது, அம்மன் உள்ளே மண்ணைக் காட்டினாள் என்கிறார்கள். வளவனூர் சந்தையில் என்னிடமே ஒருத்தர் சொன்னார். அம்மனை நான் கும்பிடாத நாள் இல்லை. ஆனால் அது பிளக்கவில்லை. நான் உடைத்தேன், கடப்பாரையால். வாசிக்கிறவர்கள் யாருக்காவது சொல்வதானால் என் முட்டியையும் அக்கா வெறுங்கையோடு போனதையும் விடாமல், ஒன்றும் கூட்டாமல், இருக்கிறபடியே சொல்லுங்கள்.