தோணிக்கு அடியில் முயல்

எங்கள் வீட்டில் முயல் என்ற சொல்லை யாரும் வாயில் எடுக்கக் கூடாது. கஞ்சிக்குப் பிடுங்கும் முயற்செவியைக்கூட அம்மா "அந்த இலை" என்றுதான் சொல்வார். நிலாவில் முயல் இருக்கிறதென்று பள்ளிக்கூடத்தில் கேட்டுவந்து, சாப்பிடும்போது சொல்லி, வாயில் ஒரு அடி வாங்கியிருக்கிறேன். நிலாவில் அது இருப்பதற்கு நான் என்ன செய்ய?

காரணம் அக்காதான். அவளுக்கு முயல்வலி. நின்ற இடத்தில் விழுந்து, கண்ணியில் பட்ட முயலைப்போலக் கை கால் வெட்டி இழுக்கும். எழும்பியதும் ஒன்றும் தெரியாதவளாகச் சட்டையில் ஒட்டிய மண்ணைத் தட்டுவாள். தினமும் படுக்கப் போகுமுன் ஒரு வெள்ளைக் குளிசையைத் தண்ணீரோடு விழுங்குவாள். அது சத்துக் குளிசை என்று அம்மா சொல்லியிருந்தார். எனக்கு மட்டும் ஏன் சத்து இல்லை என்று நான் சண்டை பிடித்ததுண்டு.

எனக்கு ஒன்பது வயதில் அக்காவுக்கு ஆரையம்பதியில் மாப்பிள்ளை பேசினார்கள். அவர்களுக்கு இந்த வலி வருத்தம் தெரியாது. தெரிந்தால் அன்றோடு சரி. அம்மா நாட்டு மருந்து செய்யும் பரியாரியாரிடம் ஓடினார். உயிர் முயலொன்றை அக்காவின் தலையை மூன்று தரம் சுற்ற வேண்டும், பெரியபிள்ளையாகாத ஒரு பெட்டை அதைக் கொண்டுபோய்ப் புதர்ப் பற்றைக்குள் விடவேண்டும், வருத்தம் முயலோடு போய்விடும் என்றார் அவர். விட்டவள் திரும்பிப் பார்த்தால் அவளோடு சேர்ந்து வீட்டுக்கு வந்துவிடுமாம். வீட்டில் அந்தத் தகுதி என் ஒருத்திக்குத்தான் இருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அறுவடைக் காலம் அது. சித்தாண்டிப் பக்கத்து வயல்வட்டையில் வெட்டு மெசின் வயலைச் சுற்றிச் சுற்றி வெட்டிவர, முயல்கள் ஒதுங்கி ஒதுங்கி நடுவில் மிஞ்சும் கடைசித் துண்டு நெல்லுக்குள் சேரும். அப்பா அங்கே வலையோடு காத்திருந்து ஒரு குட்டியைப் பிடித்துவந்தார்.

அம்மா முயலை அக்காவின் தலையைச் சுற்றி, பன்புல்லில் இழைத்த பையில் போட்டு என் கையில் தந்தார்.

"கிறுகிப் பாராம வா புள்ள. பாத்தியெண்டா எல்லாம் வீண்."

நான் கிறுகிப் பார்க்கவில்லை. ஏனென்றால் முயலை நான் விடவேயில்லை. பைக்குள் அதன் நெஞ்சு அடித்துக்கொண்டது என் கையில் தெரிந்தது, ஆசை வந்துவிட்டது. வாவிக்கரையில் கவிழ்ந்து கிடந்த ஓட்டைத் தோணிக்கு அடியில் அதை அடைத்து, முயற்செவி பிடுங்கிப் போட்டேன்.

மூன்றாம் நாள் அக்கா பின்னாலேயே வந்து கண்டுபிடித்துவிட்டாள். அடி நிச்சயம் என்று நின்றேன். அவளோ முயலைத் தூக்கி மடியில் வைத்து, அதன் காதை நீவினாள்.

"எனக்குள்ள இருந்து போனது இதா புள்ள?" என்று சிரித்தாள். "அம்மாட்டச் சொல்லிராத. எனக்கு இப்ப ஒண்டும் வரல்லதானே. கலியாணம் முடியட்டும், மறுகா விடுவம்."

அதன்பிறகு இரண்டு பேருமாகத் தீனி போட்டோம். அந்த நாட்களில் சிரித்ததுபோல் அவள் சிரித்து நான் கண்டதில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை நான் பள்ளிக்கூடத்தில் இருந்தபோது அவள் தனியே போயிருக்கிறாள். கரையிலேயே வலி வந்திருக்கிறது. முழங்காலளவு தண்ணீர்தான், அதற்குள் முகம் குப்புற விழுந்திருக்கிறாள். வலை வீசவந்தவர் அவளைத் தூக்கிவந்தபோது உயிர் இல்லை, கைக்குள் முயற்செவி கசங்கிக் கிடந்தது.

நான் வீட்டுக்குள் போகாமல் தோணிக்கு ஓடினேன். முயலைப் பற்றைக்குள் விட்டேன். கிறுகிப் பார்க்காமல் வந்தேன்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த அன்று அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அடித்திருந்தால் தாங்கியிருப்பேன். அவர் என்னை நெடுநேரம் பார்த்தார். பிறகு மூச்சு முட்டும்படி கட்டிக்கொண்டார்.

"முயல்தான் மகள். முயல் போகல்ல. அதான்."

வீட்டில் சொல்லக்கூடாத அந்தச் சொல்லை அம்மா வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னார். என் பெயரை மட்டும் சொல்லவில்லை. அது அம்மா எனக்குச் செய்த பெரிய மன்னிப்பு என்று நினைத்தேன். அக்காவைக் கொன்றவள் நான்தான் என்று பதினைந்து வருடம் நம்பினேன்.

போன மாதம் கூரைக்கு ஓடு மாற்ற அலுமாரியை நகர்த்தினோம். அதன்மேல் ஒரு பிஸ்கட் தகரம் இருந்தது. உள்ளே அக்காவின் கிளினிக் கொப்பி, வலிப்புக்கு மருந்து கொடுத்த திகதிகள் மாதம் மாதமாக. கடைசித் திகதி ஆரையம்பதியில் பேச்சு முடிந்த மாதம். அன்று கொடுத்த வெள்ளைக் குளிசைகள் பை பிரிக்காமல் அப்படியே இருந்தன. மாப்பிள்ளை வீட்டாரின் கண்ணில் பட்டுவிடும் என்று பயந்து அம்மா மருந்தை நிறுத்தியிருக்கிறார். முயல் போனால் வலியும் போகும் என்று நம்பியிருக்கிறார்.

கதவடியில் அம்மா நின்றார். தகரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அது முயல்தானே மகள்?"

எனக்குக் கோபம் வந்தது, பதினைந்து வருடத்துக் கோபம். எட்டுச் செலவு அன்று அவர் ஏன் என்னை அப்படிக் கட்டிக்கொண்டார் என்பதும் அப்போதுதான் விளங்கியது. முயல் போகாததுதான் காரணமென்றால், நிறுத்திய குளிசை காரணமில்லை. நான் தகரத்தை மூடினேன்.

"ஓம் அம்மா. முயல்தான்."